எங்க சனம் போட்ட ஓட்டு

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இலங்கைக்குப் போன் போட்டேன். நான் இருப்பது நீலகிரியில், சேரம்பாடிப் பக்கம். போன் போனது ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு. எடுத்தது அத்தை. என் அப்பாவுக்குச் சித்தி மகள்.

“என்னா அத்தை, யாரு வந்தா நமக்கென்னன்னு தூங்கிட்டீங்களா?”

“எங்கிட்டுத் தூங்குறது? ஒங்க மாமா சோறு வேணாம்னு சொவத்தப் பாத்துப் படுத்துருக்காரு. ஒன் மச்சான் வாசல்ல பயலுகளோட நின்னு சிரிச்சுக்கிட்டிருக்கான். அப்பனுக்கும் மகனுக்கும் நேத்துலருந்து பேச்சில்ல. ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டு நடுவுல நான் ஒக்காந்துருக்கேன்.”

மாமா போட்டது சிலிண்டருக்கு, ரணில் விக்கிரமசிங்கவுக்கு. முப்பது வருசமாகத் தொழிற்சங்கத்து ஆள். சங்கம் ரணில் என்றது, போட்டார். அத்தை டெலிபோனுக்கு, சஜித் பிரேமதாசவுக்கு. மச்சான் கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை பார்க்கிறவன். ஓட்டுக்காகவே லீவு சொல்லி, பஸ் ஏறி ஊருக்கு வந்து திசைகாட்டிக்குப் புள்ளடி போட்டவன். அந்தத் திசைகாட்டிக்காரர்தான் ஜெயித்தார். அநுர குமார திசாநாயக்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் மூன்று ஜனாதிபதிகள், ஒரு அடுப்பு.

அடுத்த வாரம் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். இலங்கைத் தேர்தலைப் பற்றிய கலந்துரையாடல் என்றார்கள். பேசியவர்களில் ஒருவர் தமிழ்த் தேசியவாதி. வடக்கில் தமிழன் பொதுவேட்பாளரின் சங்குச் சின்னத்துக்குப் போட்டு மானத்தைக் காட்டினான், மலையகத்தான் சிங்களத் தலைவர்களுக்கு விலைபோனான் என்றார். கோதுமை மாவு, சாராயம் என்று பட்டியல் வேறு. அவருக்கு அடுத்து எழுந்தவர் இடதுசாரி. உழைக்கிறவன் வீட்டுப் பிள்ளை ஒரு நாட்டின் அதிபராகியிருக்கிறான், தோட்டத் தொழிலாளி மட்டும் பழைய முதலாளித்துவக் கட்சிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறானே, வர்க்க உணர்வு வளரவில்லையே என்று வருத்தப்பட்டார். இவரும் அவரும் மற்ற நாளில் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் முழிக்காதவர்கள். அன்றைக்குத் தோட்டத்துச் சனத்துக்குப் புத்தி பத்தாது என்பதில் மட்டும் ஒன்றாகிப் போனார்கள்.

எனக்கு இது புதுசாகவா இருக்கும்? தமிழ்நாட்டில் ஒவ்வொரு தேர்தல் முடிந்தும் கேட்கிற பேச்சுத்தான். ஊர்த்தெருவில் விழுந்த ஓட்டு கொள்கை ஓட்டு. சேரியில் விழுந்த ஓட்டு காசுக்கு விழுந்த ஓட்டு. டீக்கடையில் ரெண்டு கிளாஸ் வைத்த மாதிரி ஓட்டுக்கும் ரெண்டு கிளாஸ். சாதி இந்து பணம் வாங்கிக்கொண்டு போட்டால் அது ‘அலை’. பறையன் வாங்காமல் போட்டாலும் அது ‘விலை’. மேலவளவில் ஒரு தலித் பஞ்சாயத்துத் தலைவரையும் கூட இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிப் போட்டார்களே, அது எந்த விலைக்கு? பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தனித்தொகுதி என்றாகிவிட்ட ஒரே காரணத்துக்காகப் பத்து வருசம், 2006 வரைக்கும், தேர்தலையே நடக்கவிடாமல் செய்தார்களே, அது எந்தக் கொள்கை? எங்கள் ஓட்டு அவ்வளவு மலிவு என்றால் அதற்கு எதற்கு இத்தனை அரிவாள்?

இலங்கைக்கு வருகிறேன். அங்கே நடந்தது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். அநுரவுக்கு விழுந்தது 42.31 சதவீதம். சஜித்துக்கு 32.76. ரணிலுக்கு 17.27. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால், இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வந்த 1982-க்குப் பிறகு முதல் தடவையாக இரண்டாவது விருப்பு வாக்கையும் எண்ணித்தான் முடிவு சொன்னார்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் சஜித் முன்னால் நின்றார். வடக்கு கிழக்கிலும் அவர்தான். பொதுவேட்பாளர் அரியநேத்திரன் நாடு முழுக்க வாங்கியது 2,26,343 ஓட்டு, 1.70 சதவீதம். யாழ்ப்பாண மாவட்டத்தில்கூட சஜித்துக்கு 1,21,177, அரியநேத்திரனுக்கு 1,16,688. ஆக, சென்னை மேடையில் சொன்ன அந்த ‘மானம்’ யாழ்ப்பாணத்திலேயே இரண்டாவது இடத்தில்தான் நின்றது. யாழ்ப்பாணத்துக்காரன் சஜித்துக்குப் போட்டால் அது ராஜதந்திரம், ஹட்டன்காரன் போட்டால் கோதுமை மாவா? இதை அந்த மேடையில் கேட்டேன். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மலையகத்துக்காரன் கையில் ஓட்டு எப்படி வந்தது, எப்படிப் போனது, திரும்ப எப்படி வந்தது என்கிற கதை தெரியாமல் அவன் யாருக்குப் போட்டான் என்று பேசுவது வீண். 1931-ல் இலங்கையில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று சட்டம் வந்தது. தோட்டத்துச் சனத்துக்கு மட்டும் நீ இங்கேதான் நிரந்தரமாக இருப்பாயா, சாட்சி காட்டு என்று ஆயிரம் நிபந்தனை. அப்படி இருந்தும் ஒரு பகுதிச் சனத்துக்கு ஓட்டு வந்தது. அன்றைக்குப் புதுக்கோட்டையில், ராமநாதபுரத்தில், திருச்சியில், சேலத்தில் பண்ணையார் வயலில் கிடந்த அண்ணன் தம்பிக்கு ஓட்டு என்றால் என்னவென்றே தெரியாது. கடல் தாண்டிப் போன பறையனும் பள்ளனும் சக்கிலியனும் ஊரில் இருந்தவனுக்கு இருபது வருசம் முன்னாலேயே ஓட்டுப் போட்டுவிட்டான்! 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மூலமாக ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினான். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் ஜெயிக்கத் தோள் கொடுத்தான்.

அதுதான் அவன் செய்த குற்றம். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருசம் ஓட்டையும் பிடுங்கினார்கள். 1951-52-ல் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் ஊரில் இருந்த அண்ணன் முதல் தடவையாக வரிசையில் நின்றபோது, மலையில் இருந்த தம்பி நாடில்லாதவனாக நின்றான். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரை ஆடு மாடு பங்கு பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள். 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். என் அப்பாயி ‘உனக்கு’. அவள் தங்கச்சி ‘எனக்கு’. கூடப் பிறந்த ரெண்டு பேரைத் தலைமன்னாரில் பிரித்து ஒருத்தியைக் கப்பலில் ஏற்றினார்கள். அப்பாயி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து இந்தத் தேயிலைக் காட்டுக்கு வந்து, சாகிற வரைக்கும் ‘சிலோன்காரி’யாகவே இருந்தாள். அங்கே ‘கள்ளத்தோணி’, இங்கே ‘சிலோன்காரி’. அவள் கொண்டுவந்த தகரப் பெட்டியில் துணியைவிடக் காகிதம்தான் அதிகம். ஒரு காகிதத்தையும் எங்களைத் தொட விடமாட்டாள். “தொலைஞ்சா நம்மள எங்கயும் சேத்துக்க மாட்டானுவ” என்பாள்.

அங்கே மிஞ்சியவர்களில் நாடில்லாமல் கிடந்தவர்களுக்கு 1988-ல் ஒரு சட்டமும் 2003-ல் இன்னொரு சட்டமும் போட்டுக் குடியுரிமை கொடுத்தார்கள். 1988 சட்டம் எப்போது வந்தது தெரியுமா? அந்த வருசம் டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல். சட்டம் அதற்கு முந்தின மாசம்! ஓட்டு வேண்டியிருந்தது, மனுசனாக்கினார்கள். இதை அத்தை மாதிரி ஆட்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, அனுபவித்தார்கள். அதனால்தான் ஓட்டை அவர்கள் ‘உணர்ச்சி’யாகப் போடுவதில்லை. யார் வந்தால் அடி கொஞ்சம் குறையும் என்று எடை போட்டுப் போடுகிறார்கள். தினம் பதினெட்டு கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று கணக்கெழுதப்படுகிறவளுக்கு எடை பார்க்கத் தெரியாதா?

2019 ஞாபகமிருக்கிறதா? கோத்தபாய ராஜபக்ச 69 லட்சம் ஓட்டு வாங்கி ஜெயித்தார். வடக்கும் கிழக்கும் மலையகமும் எதிர்த்துப் போட்டிருந்தன. அனுராதபுரத்தில் பதவியேற்ற மேடையிலேயே சிங்கள மக்களால்தான் ஜெயித்தேன் என்று சொல்லிக்காட்டினார் அவர். எதிர்த்துப் போட்டவன் எல்லாம் அன்றைக்கு நாட்டுக்கு ஆகாதவன். மூணே வருசம். 2022 ஜூலையில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்து நீச்சல் குளத்தில் குதித்தது. அவர் நாட்டை விட்டே ஓடினார். அதற்குப் பிறகு அந்த ‘69 லட்சம்’ சிங்களவர் மத்தியிலேயே கேலிச்சொல்லாகிவிட்டது. படித்தவர்கள், பேராசிரியர்கள், டாக்டர்கள் எல்லாம் ஏமாந்த இடத்தில் ஏமாறாமல் நின்றது கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிற எங்கள் கிழவிகள். ‘மன்னிச்சுக்க ஆத்தா, நீதான் சரியாப் போட்ட’ என்று எவனாவது வந்து சொன்னானா?

இப்போது என் கதையைச் சொல்லியாக வேண்டும். ஊரைத் திட்டுகிறவன் தன்னை மறைக்கக் கூடாது.

அன்றைக்கு ராத்திரி மச்சானிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வாழ்த்துச் சொல்ல இல்லை, பாடம் நடத்த. “ஜேவிபி யாருன்னு தெரியுமாடா ஒனக்கு? ஆரம்பத்துல நடத்துன அஞ்சு வகுப்புல ஒண்ணு இந்திய விஸ்தரிப்புவாதம். நம்ம சனத்த இந்தியாவோட கையாளுன்னு சொல்லிக் குடுத்தவங்க. 87-ல ஒப்பந்தத்த எதிர்த்து என்ன பண்ணுனாங்க? வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போயி 2006-ல தீர்ப்பு வாங்குனது யாரு? போயும் போயும் அவனுக்கா போட்ட?” என்று மூச்சுவிடாமல் பேசினேன். எம்.ஏ. தமிழ் படித்தவன், நாலு கட்டுரை எழுதினவன் என்கிற கிறுக்கு.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “மச்சான், நீ சொல்றது அம்புட்டும் எனக்குத் தெரியும். அப்பாவே தெனம் சொல்றாரு. நான் கடையில பதினோரு மணி நேரம் நிக்கிறேன். பக்கத்துல நிக்கிற சிங்களப் பையனுக்கும் அதே சம்பளம், அதே ஏச்சு. ரெண்டு பேரும் சேந்துதான் 2022-ல காலிமுகத்திடல்ல நின்னோம். மொதத் தடவையா ஒரு சிங்களப் பையன் எங்கிட்ட, நீ எந்தத் தோட்டம், லயத்துல எத்தன பேரு இருக்கீங்கன்னு கேட்டான். ஒங்க ஆளுங்க ஒருத்தராச்சும் எங்கிட்ட அதக் கேட்ருக்காங்களா? நீ கேட்ருக்கியா?”

நான் கேட்டதில்லை. பத்து வருசமாகப் போனில் பேசுகிறேன். மலையகத்தைப் பற்றிக் கூட்டம் பேசுகிறேன். அந்த அறையில் ராத்திரி யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

அவன் சொன்னதை வைத்து ஜேவிபியின் பழைய கணக்கைத் தள்ளுபடி செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் ஹட்டனில் அவர்களுடைய தேசிய மக்கள் சக்தி ஒரு பிரகடனம் வெளியிட்டது. மலையக மக்களின் காணி, வீடு, சம்பளம், மொழி என்று பேசியது. நல்லது. பழைய வகுப்பில் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று அந்த வகுப்பு நடந்த ஊர்களிலும் போய்ச் சொல்ல வேண்டும். அத்தை அதற்காகத்தான் காத்திருக்கிறாள். மச்சான் காத்திருக்கத் தயாராக இல்லை. இதில் யார் முட்டாள்? ஒருத்தி பயத்தில் இருந்து போட்டாள், ஒருவன் கோபத்தில் இருந்து போட்டான். மாமா போட்டது நன்றியில். மூணுக்கும் காரணம் இருக்கிறது.

மாமாவின் நன்றியைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்ல வேண்டும். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் ரணில் நாள் சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவித்தார். கைதட்டல். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. தேர்தலுக்குச் சில நாள் முன்னால் அது 1,350 அடிப்படைச் சம்பளமாகச் சுருங்கியது. அதற்கும் மாமா கைதட்டினார். ஏனென்றால் சங்கம் தட்டச் சொன்னது. சங்கம் என்பது யார்? தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனவன் கங்காணி. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் சாதி இந்துக்கள். பிடித்துப் போனது பெரும்பாலும் எங்கள் சனத்தை. லயம் பிரித்ததிலும் சாதி பார்த்தார்கள். பிறகு சங்கம் வந்தது, தேர்தல் வந்தது, மந்திரி பதவி வந்தது. மேலே உட்கார்ந்தது யார், சந்தாப் பணம் கட்டியது யார் என்று பார்த்தால் பழைய பிரட்டுக்களமேதான். சௌமியமூர்த்தி தொண்டமான் பெரிய தலைவர், பேரம் பேசத் தெரிந்தவர், இல்லையென்று சொல்லவில்லை. அவருடைய அப்பா கங்காணியாக இருந்து தோட்டத்துக்குச் சொந்தக்காரரானவர். எங்கள் தாத்தாக்களில் எவர் அப்படி ஆனார்? மலையகத்தில் சாதி இல்லை, எல்லாரும் தொழிலாளி என்று சொல்கிற தோழர்கள், லயத்துக் கல்யாணப் பத்திரிகை நாலைச் சேர்த்துவைத்துப் பார்க்கட்டும்.

தமிழ்த் தேசியப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1948-லும் 49-லும் இந்தச் சனத்தின் கழுத்தை அறுத்தபோது செல்வநாயகம் எதிர்த்து நின்று, கட்சியை விட்டு வெளியே வந்து வேறு கட்சி கண்டார். மறப்பதற்கில்லை. ஆனால் அவர் வெளியே வந்த கட்சி எது? அரசாங்கத்தோடு உட்கார்ந்திருந்த தமிழ்க் கட்சிதான். 1977-லும் அதற்குப் பிறகும் கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிவந்த எங்கள் சனத்தை அங்கே என்னவென்று கூப்பிட்டார்கள்? ‘தோட்டக்காட்டான்’. காணியில்லாத கூலியாக வைத்துக்கொண்டார்கள். யுத்தம் வந்தபோது செத்தவர்களில் அவர்களும் நின்றார்கள் தமிழராக; காணி கேட்டபோது மட்டும் தமிழராக இல்லை. இந்த லட்சணத்தில் ‘தமிழன் ஒரே குரலில் பேச வேண்டும்’ என்றால், அந்தக் குரல் எந்தத் தொண்டையில் இருந்து வரும்? எங்கள் தொண்டையில் இருந்து வருமானால் சொல்லுங்கள், நாங்களும் யோசிக்கிறோம். மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968-ல் யாரை உள்ளே விடாமல் கதவை அடைத்தார்களோ, அந்தச் சனத்தையும் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுங்கள்.

அந்த ஒரே குரலின் கதி என்ன ஆனது? செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் அநுரவுக்கு விழுந்தது 27,086 ஓட்டு. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு அதே மாவட்டத்தில் 80,830. ஆறு இடத்தில் மூன்று. நுவரெலியாவும் அவர்களுக்கே போனது. கிருஷ்ணன் கலைச்செல்வி, அம்பிகா சாமுவேல் என்று மலையகப் பெண்கள் முதல் தடவையாகப் பாராளுமன்றத்துக்குள் போனார்கள். எழுபத்தைந்து வருசம் சங்கமும் கட்சியும் எங்கள் பெண்களின் முதுகில் கூடையை மட்டும்தான் ஏற்றியது. இதைச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். வரட்டும். சென்னையில் செப்டம்பரில் ‘மலையகத்தான் விலைபோனான்’ என்றவர் நவம்பரில் ‘யாழ்ப்பாணத்தானும் விலைபோனான்’ என்று சொல்லக் காணோம். ‘மக்களின் புதிய தேடல்’ என்று கட்டுரை எழுதினார்.

அத்தையும் நவம்பரில் திசைகாட்டிக்குத்தான் போட்டாள். ஏன் அத்தை மாத்திட்டீங்க என்றேன். “மாத்தல. போன தடவ அவன் வந்துருவானோன்னு பயம். இப்ப வந்துட்டான். வந்தவன்கிட்ட வேல வாங்கணும்ல?” என்றாள். எனக்குத் தெரிந்த எந்த அரசியல் ஆய்வாளரும் அந்த ரெண்டு மாசத்தை இத்தனை சுருக்கமாகச் சொல்லவில்லை.

வேலை வாங்கினாளா? 2025 நவம்பர் பட்ஜெட்டில் அடிப்படை 1,550, அரசாங்கம் தருகிற வருகைப்படி 200, ஆக 1,750 என்று அறிவித்தார்கள். மச்சான் போன் போட்டு “பாத்தியா?” என்றான். மாமா பின்னாலிருந்து “1,700-ன்னு மொத சொன்னது எங்காளு” என்று கத்தினார். சிரித்தோம். ஆனால் காணி? தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும், முன்னோர் நடந்த பாதையில் 2023-ல் திரும்ப நடந்தார்களே, இருநூறு வருசக் கணக்கு கேட்டு, அந்த நடையின் தலையாய கோரிக்கைகளில் ஒன்று காணி. இன்னும் லயம் தோட்டத்தின் பேரில்தான் இருக்கிறது. நிற்கிற மண் அவர்கள் பேரில் இல்லை.

அந்த மாசக் கடைசியில் டித்வா புயல். பதுளை, கண்டி, நுவரெலியா என்று மலை சரிந்தது. நாட்டில் அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். ரெண்டு நாள் போன் கிடைக்கவில்லை. மூணாவது நாள் மச்சான் பேசினான். லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி, கடைசி ரெண்டு காம்பராவில் சுவர் வெடித்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். திரும்பப் போகக்கூடாது என்கிறார்கள், வேறு எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை என்றான். அத்தை சாமி படத்தையும் அரிசியையும் எடுத்திருக்கிறாள். மாமா எதை எடுத்தார் என்று கேட்டேன்.

மூணு பேருடைய அடையாள அட்டையையும் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்.